மணமில்லாத அத்தர்

என் தங்கை நப்லாவின் நிகாஹ் அன்று, பள்ளிவாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு வைத்த அத்தரில் மணமே இருக்கவில்லை. எப்படி இருக்கும்? அது அத்தரே இல்லை, கிளிசரின். அந்தக் கிளிசரினுக்குள், உலகத்தில் இன்னும் பெயர் வைக்கப்படாத ஒரு வண்டின் ஆண் உறுப்பு கிடந்தது. அதில் பஞ்சை நனைத்து, வழக்கப்படி அந்த மனிதரின் காதில் செருகிவிட்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அஸ்மியாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்று அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. முதலில் வண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்காது.

நானும் யசோதினியும் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறோம். அவள் பாண்டிருப்பு, நான் கல்முனைக்குடி. இரண்டுக்கும் நடுவில் சந்தை மட்டும்தான். மாரி காலத்தில் கடல் கொந்தளித்துக் கரை நெடுகப் பாசியைக் கொண்டுவந்து குவிக்கும். அது அழுகி நாறத் தொடங்கினால் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு போகும், யசோதினி மட்டும் சலிக்கிற அரிதட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். அந்த அழுகலுக்குள்தான் இந்த வண்டு இருந்தது. எறும்பை விடக் கொஞ்சம் பெரிது. கறுப்பும் கபிலமும் கலந்த நிறம். மற்ற வண்டுகளுக்கு இறக்கை மூடி முதுகு முழுக்க இருக்கும். இதற்குப் பாதியோடு நின்றுவிடும். சட்டை கட்டையாகிப் போன பிள்ளையைப் போல வயிறு வெளியே தெரியும். தொட்டால் வாலைத் தேள் மாதிரித் தூக்கிக் காட்டும். கொட்டாது, சும்மா வீறாப்பு. இங்கிலீஷில் ரோவ் பீட்டில் என்கிற பெரிய வண்டுக் குடும்பத்தில் இதுவும் ஒன்று.

அந்தக் குடும்பத்தில் ஒரு வண்டு புதிய இனம் என்று சொல்ல வேண்டுமென்றால் அதன் தலையைக் காட்டினால் போதாது, காலைக் காட்டினாலும் போதாது. ஆண் வண்டின் உறுப்பைப் பிரித்தெடுத்து, வரைந்து, விவரிக்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் அது ஒவ்வொரு வடிவம், பூட்டுக்குப் பூட்டு திறப்பு வேறாக இருப்பதைப் போல. யசோதினிக்குப் பெண் வண்டுகள் முதல் மாரியிலேயே கிடைத்துவிட்டன. ஆண் கிடைக்கவில்லை. அடுத்த மாரியிலும் இல்லை. அதற்கடுத்த மாரியில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. அன்று அவள் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் விம்மிக்கொண்டே இருந்தாள். யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நான் பயந்தே போனேன்.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் விஷயம் கேள்விப்பட்டு எங்களைக் கூப்பிட்டார். "அதை எங்களுக்கு அனுப்பிவிடுங்கள் மிஸ். உங்கட பக்கம் வச்சிருந்தா தொலைஞ்சுதான் போகும்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ட கையில இருந்து அதுட ஒரு காலும் தொலையாது சேர்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த யசோதினி என் தொடையில் கிள்ளினாள். கிள்ளினாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

விவரணத்தை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். இதழ்க்காரர்கள் எல்லாம் நன்று, உறுப்பின் பக்கவாட்டுப் படம் மட்டும் இன்னும் தெளிவாக வேண்டும், மாத முடிவுக்குள் அனுப்புங்கள் என்றார்கள். அந்த நேரம் பார்த்து வேலைநிறுத்தம், ஆய்வுகூடத்துக்குப் பூட்டு. நுணுக்குக்காட்டியையும் வண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டிலோ தங்கையின் கல்யாணம்.

இனி அத்தர் போத்தலுக்கு வருகிறேன். இந்த உறுப்பைக் கிளிசரினில் போட்டுச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் வைக்க வேண்டும். அதற்கென்று விற்கிற குப்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்தபாடில்லை. எங்கள் பள்ளிவாசலுக்கு எதிரே அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணி விற்கிற கடையில் புத்தம் புது வெற்று அத்தர் போத்தல்கள் கிடைக்கும். விரல் நுனியளவு, நல்ல கண்ணாடி, இறுக்கமான மூடி. வருடக்கணக்காக நாங்கள் அதில்தான் எங்கள் மாதிரிகளை வைக்கிறோம். ஒரு நாளும் ஒரு பிழையும் நடந்ததில்லை. அத்தர் போத்தலை ஆண்கள் அத்தர் போத்தலாகத்தான் பார்ப்பார்கள் என்ற சின்ன விஷயம் படித்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

நிகாஹ் காலையில். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள் என்று நுணுக்குக்காட்டியை மூடி வைக்க அறைக்குப் போனேன். மேசையில் பெயர்த்துண்டு கிடந்தது. போத்தலைக் காணவில்லை.

மேசைக்குக் கீழே பார்த்தேன், கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். சாறியோடு தரையில் தவழ்ந்தேன். பிறகு கத்தினேன்.

"உம்மா! இந்த மேசையில இருந்த சின்னப் போத்தல் எங்க?"

உம்மா வட்டிலப்பத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். "எந்தப் போத்தல்?"

"அத்தர் போத்தல்!"

"அதத்தானே உன்ட மாப்பிள்ள எடுத்துக் குடுத்த. அத்தர எடுக்க அயத்துப் போச்செண்டு வாப்பா பாதி வழியில திரும்பி வந்தாரு. உன்ட நிப்றாஸ்தான் உள்ளுக்க ஓடி எடுத்துக் குடுத்த. ஏன் மகள், முகம் இப்பிடிப் போச்சு?"

"உம்மா, அது அத்தர் இல்ல."

"மறுகா என்ன?"

"வண்டு."

தட்டு உம்மாவின் கையில் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. "வண்டா? அல்லாஹ்வே! என்ட புள்ளட நிகாஹ்வுக்கு வண்டையா அனுப்பி வச்சிரிக்கிற?"

"நான் அனுப்பல்ல உம்மா! உங்கட மருமகன் அனுப்பின!"

வண்டின் எந்தப் பாகம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தட்டு விழுந்திருக்கும். உள்ளறையில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த நப்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ராத்தா, இண்டைக்கு நிகாஹ் எனக்கா, வண்டுக்கா?" என்று குரல் கொடுத்தாள்.

அந்த நேரம்தான் யசோதினி மஞ்சள் பட்டுச்சாறியும் பூவுமாக, பரிசுப் பொதியோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். என்னைக் கண்டதும், "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்றாள். அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பரிசுப் பொதியின் நாடாவைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டு, "மூணு மாரிடி அஸ்மியா" என்று மட்டும் சொன்னாள்.

"எழும்பு" என்றேன். "பள்ளிக்குப் போவம்."

பள்ளிவாசல் கேற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றோம். உள்ளே ஆண்கள் கூட்டம், நாங்கள் போக முடியாது. நிப்றாஸ் தொலைபேசியை அணைத்து வைத்திருந்தார். பள்ளிக்குள் அணைக்கத்தானே வேண்டும், அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. துஆ முடிந்து ஆமீன் சத்தம் கேட்டது. தங்கையின் நிகாஹ் முடிந்தது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம் நான் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் கணவர் வெளியே வந்தார். அவர் கணித வாத்தியார். எதையும் நிதானமாகத்தான் செய்வார். அன்று அந்த நிதானத்தைப் பார்க்க எனக்கு அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அந்தப் போத்தல் எங்க?"

"எந்த..."

"அத்தர்! வாப்பாக்கு எடுத்துக் குடுத்தீங்களே, அது!"

"ஓ, அதுவா? அது பழுது புள்ள" என்று சேர்ட் பையிலிருந்து எடுத்தார். "முதல் பஞ்ச மாப்பிள்ளட பெரியவாப்பா ஆதம்பாவா ஹாஜியாருக்கு வச்ச. ரெண்டாவதா மௌலவிக்கு வைக்கப் போகக்க அவர் போத்தல மணந்து பாத்துட்டு, இதில மணமில்லையே எண்டாரு. எல்லாருக்கும் வெக்கமாப் போச்சு. பேசாம மூடி வச்சிட்டம். வேற அத்தரும் கைவசம் இல்ல."

போத்தலை அவர் கையிலிருந்து பறித்தேன். பாதிக்கு மேல் கிளிசரின் இருந்தது. யசோதினி அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உயிர் போய் உயிர் வந்தது என்று நினைத்தேன். வரவில்லை என்பது வீட்டுக்கு வந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

போத்தலில் இருந்ததைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி முதலில் நான் பார்த்தேன், பிறகு யசோதினி பார்த்தாள். மூடியைப் பார்த்தோம், போத்தலின் அடியைக் கழுவி அந்தத் தண்ணீரையும் பார்த்தோம். ஒரு தூசு கிடந்தது, அது தூசுதான். போத்தலைக் கவிழ்த்துப் பஞ்சை நனைத்திருக்கிறார்கள். அப்படி நனைத்தால் உள்ளே மிதக்கிற சாமான் பஞ்சோடு போகத்தானே செய்யும்!

"அப்ப அது ஹாஜியார்ட காதில இரிக்கு" என்றேன்.

யசோதினி கண்ணை மூடிக்கொண்டாள். "கடவுளே" என்றாள்.

மாப்பிள்ளை இன்ஸாபின் சொந்த ஊர் அக்கரைப்பற்று. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவருவது, ஆகவே அவரைக் கொண்டுவந்து விட அவர்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவில் இன்ஸாபின் பெரியவாப்பா ஆதம்பாவா ஹாஜியார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, அகலமான தோள். அக்கரைப்பற்றில் பெரிய போடியார், வயல் நிறைய உள்ளவர். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். இடது காது மடலுக்குள் வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது. பஞ்சு இருக்கிறது! ஆனால் அவருடைய முகம் கறுத்துப் போயிருந்தது. சர்பத்தை வாயில் வைத்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். காதைத் தொட்டார், விரலை மூக்கடியில் கொண்டுபோனார், கையை மடியில் போட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

வாப்பா அறைக்குள் வந்தார். ஏசி இருந்தும் வியர்த்திருந்தது. "பள்ளியில இருந்தே அவர் இப்பிடித்தான் இரிக்காரு. ஒரு வார்த்த கதைக்கல்ல. என்ன குறை வச்சமோ தெரியா" என்றார். அப்போதுதான் நிப்றாஸ் மெல்ல வாயைத் திறந்து, போத்தலின் கதையை வாப்பாவுக்குச் சொன்னார்.

வாப்பா கதிரையில் சாய்ந்துவிட்டார். என் வாப்பா அப்துல் ஸமட் என்றால் கல்முனைச் சந்தையில் புடவைக் கடைக்காரர் எல்லாருக்கும் தெரியும், யாரோடும் ஒரு சொல் பிசகாத மனிதர்.

"வாப்பா, அந்தப் பஞ்ச நான் கேட்டு வாங்கட்டா?"

"பைத்தியமா மகள் உனக்கு? சம்பந்தியாகி இன்னும் சர்பத்துக் குடிச்சு முடியல்ல. விருந்தாளிக்கு வச்ச அத்தரக் காதில இருந்து திருப்பி எடுக்கிறதா? ஏற்கனவே அவர் முகம் சரியில்ல. உன்ட தங்கச்சி இவங்களோட வாழணும்." பிறகு குரலைத் தணித்து, "வேற வண்டு ஒண்டு புடிக்கலாம்தானே?" என்றார்.

அதை அவர் அன்பாகத்தான் கேட்டார். "ஏலா வாப்பா" என்றேன். "வேற இல்ல. இவள் மூணு வருஷமா நாத்தத்துக்குள்ள இருந்து தேடி எடுத்த ஒரே ஒண்டு. தொலையாது எண்டு நான் வாய் குடுத்த. தொலைச்சிட்டன். எங்களுக்கிட்ட குடுத்தா தொலைச்சிடுவம் எண்டு அவங்க சொன்னது உண்மையாப் போச்சு."

வாப்பா யசோதினியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பள்ளியில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

பாங்கைக் கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் சுரீரென்று உறைத்தது. தொழுகை என்றால் அதற்கு முன் கழுவிச் சுத்தமாகிற வுழூ. வுழூ என்றால் முகம், கை, தலை, பிறகு காது. காதை ஈரக் கையால் தடவுவதற்கு முன் பஞ்சை எடுத்து எறிந்துவிடுவார்! யன்னலால் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது.

சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வழியில் வட்டிலப்பத்துக்கு அடுக்கியிருந்த கிண்ணங்களில் ஒன்றை ஏன் எடுத்தேன் என்று தெரியாது, எடுத்தேன். பின்னால் யசோதினி, அவளுக்குப் பின்னால் நிப்றாஸ், கடைசியாக "மகள், மகள்" என்று வாப்பா. வீட்டின் பக்கவாட்டில் பைப்படியில் ஹாஜியார் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விரலுக்கிடையில் பஞ்சு. கீழே கழிவுநீர் ஓடுகிற கான். எறிவதற்குக் கையை ஓங்கிவிட்டார்.

"ஹாஜியார்! எறிஞ்சிடாதீங்க!"

பைப்படியில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை அப்படியே நின்றது. நான் கிண்ணத்தை நீட்டினேன்.

"இதுக்குள்ள போடுங்க."

போட்டார். பயந்து போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். "என்ன புள்ள இது?" என்று கேட்டார்.

"அது அத்தர் இல்ல ஹாஜியார். கிளிசரின். போத்தல் மாறி வந்துட்டு. எங்கட பிழைதான், மன்னிச்சுக்கங்க. மணமில்லாத சாமான உங்களுக்கு வச்சிட்டம்."

வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிப்றாஸ் கணக்கு ஒன்று பிழைத்தவரைப் போல நிலத்தைப் பார்த்தார். ஹாஜியார் என்னையே பார்த்தார்.

"மணமில்லாததா?"

"ஓம்."

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"ஒருத்தருக்கும் மணக்காது ஹாஜியார். மௌலவிக்கும் மணக்கல்ல."

அவர் பைப்படிக் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். திரும்பவும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தப் பெரிய மனிதரின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"கொரோனா வந்த நேரம் என்ட மூக்கு போச்சு புள்ள" என்றார். "ஒரு வருஷத்துக்கு மேல. சோறும் மண்ணும் எனக்கு ஒண்டுதான். கதிர் மணம் தெரியாம ஒரு போகம் வெட்டினன். பேரப்புள்ளைட தலைய மணந்து பாத்தா ஒண்டும் இல்ல. மறுகா அல்லாஹ் திருப்பித் தந்தான். இண்டைக்குப் பள்ளியில காதில அத்தர் வச்சாங்க, மணக்கல்ல. விரல மணந்தன், இல்ல. திரும்பவும் போச்செண்டு நெனச்சன். பக்கத்தில இருந்தவன்ட ஸெண்டு மணக்குதா இல்லையா எண்டு எனக்கே விளங்கல்ல. உங்கட வாசல்ல ஏறக்க பிரியாணி மணந்த மாதிரியும் இருந்த, மணக்காத மாதிரியும் இருந்த. பயந்துட்டா அப்பிடித்தான். கல்யாண வீட்டில ஆருக்கிட்டச் சொல்ற?"

"அதுக்கா ஹாஜியார் முகம் வாடி இருந்தீங்க?" என்று வாப்பா சுவரை விட்டுவிட்டு முன்னுக்கு வந்தார். "நாங்க என்ன குறை வச்சமோ எண்டு..."

"குறையா? சர்பத்து கூட எனக்கு இனிக்கல்ல தம்பி, பயத்தில."

வாப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளைச் சாரன் நனைகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்கள். காலையிலிருந்து இரண்டு பேருமே மூச்சு விடவில்லை போலும்.

"அது சரி" என்று ஹாஜியார் கிண்ணத்தைக் காட்டினார். "மணமில்லாத பஞ்சுக்கு என்னத்துக்கு இந்த ஓட்டம்? அதுக்குள்ள என்ன இரிக்கு?"

ஊராரின் முன்னால், அதுவும் சம்பந்தி வீட்டு ஆண்களின் முன்னால் அந்தச் சொல் எனக்கு வரவில்லை. யசோதினிதான் பாடம் நடத்துகிற குரலில், "ஒரு வண்டுட ஆண் உறுப்பு ஐயா. புது இனம். அந்த உறுப்பு இல்லாட்டி அத ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றாள்.

ஹாஜியாரின் தோள் குலுங்கியது. "நிகாஹ் வீட்டில தொலைக்கிற சாமானா புள்ள இது!" என்றார். பைப்படி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். நிப்றாஸ் எனக்குப் பயந்து பயந்து சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அறைக்கு நடந்தேன். பஞ்சில் அது இருக்கிறதா என்று இன்னும் தெரியாதே.

ஆண்கள் தொழப் போனார்கள். நாங்கள் கதவைப் பூட்டினோம். யசோதினி பட்டுச்சாறித் தலைப்பை இடுப்பில் செருகினாள். பஞ்சைக் கண்ணாடித் தட்டில் வைத்து, இரண்டு மெல்லிய ஊசியால் இழை இழையாகப் பிரித்தாள். அவள் கைக்கு நடுக்கம் கிடையாது, என் கைக்கு அன்று வேலையே இல்லை. நான் பக்கத்தில் நின்று தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன். அவள் பிரித்துக்கொண்டே போனாள். பாதிப் பஞ்சு முடிந்தது. "இல்லடி" என்றாள். இன்னும் கொஞ்சம் பிரித்தாள். நான் ஓதுவதை நிறுத்திவிட்டேன்.

அப்போது அவள் ஊசி நின்றது.

"அஸ்மியா."

"என்ன?"

"பார்."

அவளைத் தள்ளிவிட்டுக் குனிந்தேன். வெள்ளை இழைகளுக்கு நடுவில், தேன் நிறத்தில், வளைந்த நுனியோடு, முழுசாக, ஒரு கீறலும் இல்லாமல் அது இருந்தது! ஒரே ஒரு பஞ்சு இழை மட்டும் நுனியின் பிளவுக்குள் சிக்கியிருந்தது. யசோதினி அதை இழுக்க ஊசியைக் கொண்டுபோனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "தொடாத" என்றேன். "அது கிடந்துட்டுப் போகட்டும்." பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நான் ஒரு கல்யாண வீட்டில் எந்தப் பெண்ணும் அழக்கூடாத அழுகை அழுதேன். கதவைத் தட்டிய உம்மா, நப்லாவைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு, "எங்கயும் போகல்லடி அவள், இந்த வீட்டிலதான் இருக்கப் போறாள்" என்றார்.

நாங்கள் வெளியே வந்தபோது தொழுகை முடிந்து சஹன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். தாலத்தைச் சுற்றி ஆறு ஆறு பேர். ஆதம்பாவா ஹாஜியார் இருந்த தாலத்தில் மட்டும் மூடி திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பசியோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் என்னைக் கண்டதும், "கெடச்சிட்டா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"கெடச்சிட்டு ஹாஜியார்!"

"மாஷா அல்லாஹ்" என்று மூடியைத் தூக்கினார். எழுந்த ஆவியில் முகத்தைக் கொடுத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். "ரம்பை இலை. ஏலம். நெய் கொஞ்சம் கூடிட்டு" என்றார். "பிஸ்மில்லாஹ் சொல்லுங்க, சாப்பிடுவம்."

பக்கவாட்டுப் படத்தை யசோதினி அந்த வாரமே வரைந்து முடித்தாள். சிக்கிய இழையை வரையாமல் விடலாமா என்று கேட்டாள். இருக்கிறதை இல்லை என்று வரைய எனக்கு மனம் வரவில்லை. அதையும் வரைந்து, படத்துக்குக் கீழே "நுனியில் காணப்படுவது பஞ்சு இழை, உறுப்புக்குச் சேதம் வராதிருக்க அகற்றப்படவில்லை" என்று எழுதினோம். இதழ்க்காரர்கள் அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம்? வண்டு இப்போது பாண்டிருப்பின் பெயரோடு உலகத்தில் இருக்கிறது. கொழும்புப் பேராசிரியர் வாழ்த்து அனுப்பியிருந்தார். அத்தர் கடைப் போத்தல்களில் இப்போதெல்லாம் சிவப்பு மையால் வண்டு ஒன்றின் படம் வரைந்து ஒட்டுகிறேன், நிப்றாஸுக்காக.

கட்டுரை வெளிவந்ததும் அச்செடுத்துக்கொண்டு நானும் யசோதினியும் அக்கரைப்பற்றுக்குப் போனோம். அறுவடைக் காலம், ஹாஜியாரின் முற்றம் முழுக்க நெல். நான் படம் உள்ள பக்கத்தைப் புரட்டி அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதில என்ட பஞ்சு எது?"

யசோதினி அந்த மெல்லிய கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டினார், இடது காதைத் தடவினார். பிறகு எழுத்து வாசிக்கத் தெரியாத அந்த மனிதர், தாளை மெல்லத் தூக்கி மூக்கோடு வைத்து மூச்சை உள்ளே இழுத்தார்.

"மை மணக்குது புள்ள" என்றார்.